ஹெலன் கெல்லர் கட்டுரை எழுதுவதை நிறுத்திய டிசம்பர்

1900 டிசம்பர் 20 அன்று, அமெரிக்காவின் ராட்கிளிஃப் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி தம் கட்டுரைப் பாட ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். வகுப்புக் கட்டுரைகள் எழுதுவதை அவர் நிறுத்தியிருந்தார். காரணத்தைச் சொல்லாமல் விட்டால் மனம் தளர்ந்துபோனதாகவோ, விமர்சனத்துக்குப் பயந்து ஒதுங்கிக்கொண்டதாகவோ ஆசிரியர் எண்ணிவிடுவார் என்ற கவலை அவருக்கு. இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறார்: இதுவரை எழுதியதுபோலவே இன்னும் எழுதிக்கொண்டு போக முடியும், சுமாரான நல்ல மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் இந்த இலக்கிய ஒட்டுவேலையில் தமக்கு நாட்டமே போய்விட்டது என்கிறார்.

மாணவி ஹெலன் கெல்லர், வயது 20. ஆசிரியர் சார்லஸ் டவுன்சென்ட் கோப்லாண்ட்.

நம்மில் பெரும்பாலோர் அறிந்த ஹெலன் கெல்லர் கதை 1887 ஏப்ரலோடு முடிந்துவிடும். ஒரு கையில் பம்புத் தண்ணீர் கொட்ட, மறுகையில் ஆசிரியை ஆன் சல்லிவன் எழுத்து எழுத்தாக எழுதிக் காட்ட, பொருள்களுக்கெல்லாம் பெயர் உண்டு என்று பார்வையும் செவியும் இல்லாத 6 வயதுச் சிறுமிக்கு விளங்கிய அந்தக் காட்சி. எழுதக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கும் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் வேண்டிய பகுதி அதற்கு 13 ஆண்டுகள் கழித்து வருகிறது. ஒரு மாணவர் கல்லூரிப் பாடத்தில் எழுத்தாளராக வளர்ந்தார் என்றால் பக்கங்கள் கூடின, பிழைகள் குறைந்தன, மதிப்பெண் ஏறியது என்றுதான் வழக்கமாகக் கணக்குக் காட்டுவோம். ஹெலன் விஷயத்தில் அந்தக் கணக்கு உதவாது. அவருக்கு மொழி ஏற்கெனவே தேவைக்கு மேல் வந்திருந்தது. அந்தச் சரளத்தின் மேலேயே சந்தேகம் வந்து அவர் எழுதாமல் நின்ற இடத்தில்தான் வளர்ச்சி தொடங்கியது என்பது என் வாசிப்பு. ஆனால் அந்தச் சந்தேகம் ஏன் அவருக்கு இவ்வளவு கனமாக இருந்தது என்று புரிய, கல்லூரிக்கு முந்தைய ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பனி அரசன்

1891 இலையுதிர் காலம். அலபாமாவில் தம் வீட்டாரோடு இருந்த 11 வயது ஹெலன் ஒரு கதை எழுதினார். பனி அரசனின் கருவூலத்து ரத்தினங்கள் வெயிலில் உருகி மரங்களின் மேல் வழிய, இலைகள் சிவப்பும் பொன்னுமாக மாறுகின்றன என்பது கதை. அதை பாஸ்டனில் இருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் நிறுவனத்தின் இயக்குநர் மைக்கேல் அனாக்னோசுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். பூரித்துப்போன அவர் அதை அச்சேற்றினார். அதன் பிறகே விஷயம் வெளிவந்தது. ஏறத்தாழ அதே கதையை, பல இடங்களில் அதே சொற்களில், மார்கரெட் கேன்பி என்ற எழுத்தாளர் ஹெலன் பிறப்பதற்கு முன்பே ஒரு குழந்தைகள் புத்தகத்தில் வெளியிட்டிருந்தார்.

1888 கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரூஸ்டர் ஊரில் ஹெலன் தங்கியிருந்தபோது அந்தப் புத்தகம் அவர் கையில் விரலெழுத்தாக வாசித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்று பின்னர் தெரியவந்தது. சல்லிவன் அந்த நாட்களில் விடுமுறையில் போயிருந்தார். புத்தகம் படித்த நினைவு சிறுமிக்கு அழிந்துவிட்டது. வாக்கியங்கள் மட்டும் அழியவில்லை.

நிறுவனத்தின் ஆசிரியர்களும் அலுவலர்களும் கொண்ட குழு ஒன்று கூடி விசாரித்தது. சல்லிவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். தமக்கு உலகத்தோடு இருந்த ஒரே வாசல் அடைபட்ட நிலையில் ஒரு சிறுமி கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அனாக்னோஸ் சில காலம் அவரை நம்பினார், பிறகு அந்த நம்பிக்கையை மாற்றிக்கொண்டார். கேன்பி மட்டும் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். ஒருநாள் நீ உன் மனத்திலிருந்தே ஒரு பெரிய கதை எழுதுவாய் என்று ஹெலனுக்கே எழுதினார்.

விசாரணை விட்டுப்போன தழும்பு பெரியது. அதற்குப் பிறகு சொற்களோடு விளையாடுகிற இன்பத்துக்காக ஒருபோதும் எழுதவில்லை என்று ஹெலன் பின்னாளில் சொல்கிறார். அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போதுகூடத் திடீரென்று கிலி பிடிக்கும். எழுதிய வாக்கியத்தை எங்காவது படித்திருக்கிறோமோ என்று விரல்களால் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பாராம்.

இந்தச் சம்பவத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 19 மாதத்தில் பார்வையும் செவியும் போன ஒரு குழந்தை எழுதிய அந்தக் கதையின் பொருளே இலைகளின் நிறம். கதை கேன்பியிடமிருந்து வந்தது சரி. நிறமும் இரவல்தான். கதையை எடுத்ததற்கு விசாரணை நடந்தது. நிறத்தை எடுத்ததை யாரும் தவறாக நினைக்கவில்லை. அழகாக எழுதுகிறாள் என்று மெச்சினார்கள்.

கோப்லாண்டின் வகுப்பு

ஹெலன் 1900 இலையுதிர் காலத்தில் ராட்கிளிஃபில் சேர்ந்தார். அது பெண்கள் கல்லூரி. சொந்தமாக ஆசிரியர்கள் கிடையாது. ஹார்வர்டு ஆசிரியர்களே வந்து பாடம் நடத்தினார்கள். கட்டுரை எழுதுவதைக் கல்லூரிப் பாடமாக்கி அமெரிக்காவுக்கு வழிகாட்டிய இடம் ஹார்வர்டு. அங்கே 1880களில் பாரெட் வெண்டல் என்ற பேராசிரியர் தினக்கட்டுரை என்றொரு முறையைக் கொண்டுவந்திருந்தார். மாணவர் நாள்தோறும் ஒரு சிறு கட்டுரை எழுதித் தர வேண்டும். அன்று தாம் கண்டு கேட்டு அனுபவித்ததில் ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். உரை வாசிப்பதைவிட உற்றுப் பார்ப்பதைப் பழக்குவதே நோக்கம்.

இன்று என்ன பார்த்தாய் என்று நாள்தோறும் கேட்கிற ஒரு பாடத்துக்குள் ஹெலன் வந்து உட்கார்ந்தார்.

வகுப்பில் அவர் இருந்த விதத்தை அவரே விவரித்திருக்கிறார். ஆசிரியர் பேசப் பேச அருகில் அமர்ந்த சல்லிவன் முடிந்த வேகத்தில் அவர் கையில் எழுதிக்கொண்டே போவார். அந்த வேகத்தைப் பிடிக்கிற பாட்டில் பேசுகிறவரின் தனித்தன்மை பெரும்பகுதி தொலைந்துவிடும். குறிப்பு எடுக்க வழியில்லை, ஏனென்றால் கைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்குப் போன பிறகு நினைவில் நின்றதைக் குறித்துக்கொள்வார். தினக்கட்டுரையிலிருந்து ஆண்டுத் தேர்வு வரை எல்லாம் தட்டச்சுப்பொறியில். எழுத்துருக்களை மாற்றிப் பொருத்திக்கொள்ளும் வசதி இருந்ததால் ஹேமண்ட் பொறி அவருக்குப் பிடித்திருந்தது. கிரேக்கத்துக்கு ஒன்று, பிரெஞ்சுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். தட்டச்சில் ஒரு பெரிய சங்கடமும் உண்டு. தாம் அடித்ததைத் தாமே திரும்பிப் படிக்க முடியாது. யாராவது கையில் எழுதிக் காட்ட வேண்டும், அல்லது பிரெய்லில் எடுத்துத் தர வேண்டும். பாடநூல்களில் மிகச் சிலவே பிரெய்லில் கிடைத்தன. மற்றவை எல்லாம் சல்லிவனின் விரல்கள் வழியாகத்தான்.

கோப்லாண்ட் வழக்கமான பேராசிரியர் வார்ப்பில் வந்தவர் அல்லர். ஆராய்ச்சிப் பட்டம் இல்லை. பாஸ்டன் பத்திரிகைகளில் நாடக விமர்சனம் எழுதிவிட்டு 1890களில் ஹார்வர்டுக்குக் கற்பிக்க வந்தவர். மாணவர்களைத் தம் அறைக்கு வரவழைத்து, அவரவர் கட்டுரையை அவரவரே உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பார். விமர்சனத்தை வாயால் சொல்ல, அதை மாணவரே தம் தாளின் அடியில் எழுதிக்கொள்ள வேண்டும். தன் வாக்கியம் எங்கே நொண்டுகிறது என்று எழுதியவர் காதுக்கே கேட்கும். அதைவிடச் சுருக்கமான திருத்தம் வேறில்லை. பிற்காலத்தில் கவிஞர் டி. எஸ். எலியட், பத்திரிகையாளர் ஜான் ரீட் போன்றவர்களும் அவரிடம் படித்தார்கள். ரீட் தம் மெக்சிகோ நூலை அவருக்கே காணிக்கையாக்கினார்.

ஹெலனிடம் இந்த முறை அப்படியே செல்லாது என்பது வெளிப்படை. ஆனால் கோப்லாண்ட் சுட்டிய குறை என்னவென்று ஹெலனின் கடிதத்திலிருந்தே தெளிவாகத் தெரிகிறது. தம் எழுத்து எப்போதுமே தமக்குத் திருப்தி தந்ததில்லை, ஆனால் நீங்கள் சுட்டிக்காட்டும்வரை சிக்கல் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதுகிறார். அக்டோபரில் வகுப்புக்கு வந்தபோது எல்லோரையும்போல இருக்கவே முழு மூச்சாக முயன்றாராம். தம் குறைகளையும் தாம் வாழும் தனிப்பட்ட உலகத்தையும் முடிந்தவரை மறந்துவிட முயன்றாராம். பிறருடைய அனுபவங்களையும் அவதானிப்புகளையும் அப்படியே ஏற்றுக்கொண்டாராம். தம் சொந்த அவதானிப்புக்கும் மதிப்பு உண்டு, அதை எழுதலாம் என்பது தோன்றவே இல்லையாம். இனிமேல் நான் நானாக இருப்பேன், எனக்கென்று எண்ணங்கள் இருந்தால் அவற்றையே எழுதுவேன் என்று முடிவெடுத்ததாகச் சொல்கிறார். புதிதாக, தானாக வந்ததாக ஏதாவது எழுதினால் கொண்டுவந்து காட்டுகிறேன், பிடிக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப முயல்கிறேன் என்கிறார்.

முன்னுரை, முடிவுரை, நடுவில் நாலு மேற்கோள் என்று பள்ளியில் கட்டுரை எழுதிப் பழகி, அதிலேயே பரிசும் வாங்கிய நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கடிதம் அந்நியமாகத் தோன்றாது. நல்ல மதிப்பெண் வரும் வழி தெரிந்தே அதை விட்டுவிடுகிறேன் என்று எழுதும் துணிவுதான் நமக்குப் பழக்கமில்லாதது.

கடிதத்தில் ஒரு வரியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தமக்குச் சொந்தமில்லாத சேணத்தைப் பூட்டி வண்டியை விண்மீனோடு இணைக்க முயல்வது மடமை என்று இப்போது புரிகிறது என்கிறார். உன் வண்டியை விண்மீனோடு பூட்டு என்பது அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சனின் வாசகம். அன்று அமெரிக்காவில் படித்தவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இரவலை விட்டுவிடுகிறேன் என்று சபதம் செய்கிற வாக்கியமே இரவல் வாகனத்தில் ஏறித்தான் வருகிறது! ஆனால் அந்தச் சேணம் எமர்சனிடம் இல்லை. அது ஹெலன் சேர்த்தது. ஒரு மாணவியின் எழுத்து மாறிக்கொண்டிருக்கும் தருணம் இப்படித்தான் இருக்கும். பழையதை முற்றிலும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வருவதில்லை. பழைய சொற்றொடரின் ஓரத்தில் தன்னுடையது ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். நான் அந்த வகுப்பில் திருத்துபவனாக இருந்தால் எமர்சனை விட்டுவிட்டுச் சேணத்தின் கீழேதான் கோடு போட்டிருப்பேன்.

விசாரணையும் விமர்சனமும்

1892இல் பெர்கின்சில் சொன்னதும் 1900இல் கோப்லாண்ட் சொன்னதும் ஒரே பழக்கத்தைப் பற்றித்தான். படித்தது மனத்தில் கரைந்து தம் எழுத்தாகவே வெளிவருகிறது என்பது இருவரும் கண்ட ஒரே உண்மை. அங்கே அது திருட்டா இல்லையா என்று கேட்டார்கள். கேள்வி நேர்மையைப் பற்றியது. அதற்கு ஆம் அல்லது இல்லை என்ற பதில்தான் உண்டு. ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அடுத்த வாக்கியத்தை எப்படி எழுதுவது என்பதற்கு அதில் ஒரு வழியும் கிடையாது. பயம் மட்டும் மிஞ்சியது. வாக்கியத்தை எங்கோ படித்தோமா என்று சோதிக்க வைத்த பயம்.

கோப்லாண்ட் அதைத் தொழில்ரீதியான குறையாகப் பார்த்தார். நீ பிறருடைய கண்ணால் பார்த்து எழுதுகிறாய், உன் கையால் தொட்டதை எழுது என்கிற இடத்துக்கு மாணவியைக் கொண்டுவந்தார். இதில் குற்றவாளி யாரும் இல்லை, வேலை மட்டும் இருக்கிறது. 8 ஆண்டுகள் அந்தத் தழும்போடு இருந்தவரிடம் எழுத்து உன்னுடையதாக இல்லை என்று மறுபடி ஒருவர் சொன்னால் என்ன நடந்திருக்க வேண்டும்? பழைய கிலி திரும்பியிருக்க வேண்டும். கடிதத்தில் அதன் சாயலே இல்லை. எனக்கு மனத்தளர்ச்சி இல்லை, பயமும் இல்லை என்று முதல் வரிகளிலேயே வருகிறது. அதை வெறும் நாகரிகப் பேச்சு என்று ஒதுக்க முடியாது, அதற்கடுத்த வாக்கியங்களில் உள்ள கறார்த்தனமே அதற்குச் சாட்சி.

கோப்லாண்டை மகானாக்க வேண்டியதில்லை. அவர் செய்தது குறைக்கு ஒரு பெயர் வைத்தது. வகுப்புக் கட்டுரைகளை நிறுத்தியது மாணவியின் முடிவு. நிறுத்திய மாணவியை வகுப்பிலிருந்து துரத்தாமல் காத்திருந்ததும் ஆசிரியரின் பங்குதான். அவ்வப்போது ஆசிரியர்களுக்கு அதுதான் மிகக் கடினம்.

கட்டுரைகள் புத்தகமானது

அதன் பிறகு எழுதிய வகுப்புக் கட்டுரைகளில் ஹெலன் தம் வாழ்க்கையைத் தொட்டார். அது வெளியே தெரிந்துவிட்டது. லேடீஸ் ஹோம் ஜர்னல் என்ற மாத இதழிலிருந்து ஒருவர் கல்லூரிக்கு வந்து, லத்தீன் வகுப்பில் இருந்த ஹெலனை வெளியே அழைத்தார். வாழ்க்கைக் கதையை மாதத் தொடராகத் தர வேண்டும், 3,000 டாலர் தருகிறோம் என்றார். கல்லூரிப் படிப்பே பெரும் பாடு, நேரமில்லை என்று ஹெலன் தயங்கினார். பெரும்பகுதியை நீங்கள் வகுப்புக் கட்டுரையாக ஏற்கெனவே எழுதிவிட்டீர்களே என்றாராம் அவர். அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்டதற்கு, இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் என் வேலை என்று சிரித்தாராம்.

1902இல் தொடர் வெளிவந்தது. ஒன்றிரண்டு தவணைகளுக்குப் பிறகு வண்டி நின்றுவிட்டது. கட்டுரையாக எழுதுவது ஒன்று, தொடர்ச்சியாகக் கோப்பது வேறொன்று. அப்போது உதவிக்கு வந்தவர் ஹார்வர்டில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த இளைஞர் ஜான் மேசி. அவர் விரலெழுத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். (பின்னாளில், 1905இல், சல்லிவனை மணந்துகொண்டவர் இவர்தான்.)

வேலை நடந்த விதத்தை மேசி பதிவு செய்திருக்கிறார். எழுத்துப் பாடம் நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஹெலன் முதலில் பிரெய்ல் பொறியில் சுமார் 100 பக்கங்களுக்குச் சரக்கு சேர்த்தார். நினைவுக்கு வந்த வரிசையில் தனித்தனிச் சம்பவங்களும் குறிப்புகளும். ஒழுங்கோ திட்டமோ கிடையாது. பார்வை உள்ளவர் ஐந்து தாள்களை மேசையில் பரப்பி ஒரே நோட்டத்தில் எது முன், எது பின் என்று பார்த்துவிடுவார். பிரெய்லில் அப்படி முடியாது. விரல் வைத்த வரிதான் உண்டு, மற்ற பக்கமெல்லாம் நினைவில்தான் இருக்கிறது. அதனால் மேசியும் சல்லிவனும் அந்தத் துண்டுகளை வாசித்து, காலவரிசைப்படி அடுக்கி, தவணைக்கு ஏற்றபடி சொற்களை எண்ணினார்கள். ஹெலன் பக்கத்திலேயே இருந்தார். ஒவ்வொன்றையும், முக்கியமாகச் சொல்லமைப்பை, அவரிடம் கேட்டே முடிவு செய்தார்கள். பல வாரங்களுக்கு முன் எழுதிய பத்திகள் அவருக்கு வரி வரியாக நினைவில் இருந்தன என்று மேசி வியக்கிறார்.

இவ்வளவு கைகள் சேர்ந்து உழைத்தால் அதைச் சொந்த எழுத்து என்று சொல்லலாமா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்பார்கள். அச்சுக்குப் போகும் எந்த எழுத்தில்தான் எடுப்பவர் கை, அடுக்குபவர் கை, வெட்டுபவர் கை இல்லை? மற்றவர்களுக்கு அது மறைந்திருக்கிறது. ஹெலனுக்கு மறைக்க வழியில்லை, அவ்வளவே.

ஒட்டுத்துணி

1903இல் தொடர் புத்தகமாக வந்தது. தன் வரலாறு, கடிதங்கள், மேசியின் குறிப்புகள் என்று மூன்று பகுதிகள். டிசம்பர் 20 கடிதமும் அந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. இந்த ஆய்வுக்கு வேண்டிய சான்று அந்தப் புத்தகத்தின் பனி அரசன் அத்தியாயத்தில் இருக்கிறது.

கடிதத்தில் ஒட்டுவேலை என்ற உவமை வந்ததைப் பார்த்தோம். அங்கே அது தேய்ந்த காசு. ஆங்கிலத்தில் யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்வார்கள். புத்தகத்தில் அதே உவமை திரும்ப வருகிறது. நான் படிப்பதே என் மனத்தின் பொருளாகவும் நெசவாகவும் ஆகிவிடுவதால் எது என் எண்ணம், எது படித்தது என்று எனக்கு எப்போதும் பிரித்தறிய முடிவதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆகவே நான் எழுதுவதெல்லாம் முதன்முதலில் தையல் பழகியபோது நான் தைத்த ஒட்டுத்துணியைப் போல இருக்கிறது என்கிறார். அதில் பட்டு, வெல்வெட் என்று அழகான துண்டுகள் இருந்தன. ஆனால் தொடுவதற்கு இதமில்லாத முரட்டுத் துண்டுகளே எப்போதும் அதிகம் இருந்தன என்று முடிக்கிறார்.

தொடுவதற்கு இதமில்லாத. இந்த ஓரிடத்தில் கோப்லாண்டின் பாடம் பலித்துவிட்டது. கண் உள்ள எழுத்தாளர் ஒட்டுத்துணி என்றால் நிறங்களின் பொருத்தமின்மையைத்தான் சொல்லியிருப்பார். ஹெலன் கடிதம் எழுதிய காலத்தில் கேட்டிருந்தால் அவரும் அதையே சொல்லியிருக்கக்கூடும், ஏனென்றால் எல்லாப் புத்தகங்களும் அப்படித்தான் சொல்கின்றன. இங்கே அவர் விரல் நுனியில் பட்டும் பருத்தியும் நெருடுகின்றன. அழகான துண்டு எது, முரட்டுத் துண்டு எது என்பதை அவர் தொட்டுப் பார்த்து அறிகிறார். பொது உவமை ஒன்று சொந்த அனுபவமாகிவிட்டது. விசாரணையின் வலியைச் சொல்லும் அத்தியாயத்தில், இரவல் என்ற குற்றச்சாட்டுக்கு நடுவில் இது நடக்கிறது என்பது இன்னும் விசேஷம்.

பாடம் முழுமையாகப் பிடிபட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. கல்லூரி பற்றிய அத்தியாயத்தில் கோப்லாண்டைப் பெயர் சொல்லிப் புகழ்கிறார். இலக்கியத்தை அதன் புத்துணர்வோடும் வலுவோடும் கண்முன் நிறுத்துகிறவர் அவர், தேவையற்ற விளக்கவுரை இல்லாமல் பழைய மேதைகளை ஒரு மணி நேரம் பருகத் தருகிறவர் என்றெல்லாம் எழுதிவிட்டு, வீட்டுக்குத் திரும்பும்போது மனம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மேற்கோள் குறி போட்டு வேறு யாரோ எழுதிய அலங்கார வாக்கியத்தை எடுத்துப் பொருத்துகிறார். இரவல் வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு இரவல் மாலை! கோப்லாண்ட் அதைப் படித்து எப்படி முகம் சுளித்திருப்பார் என்று கற்பனை செய்யாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் மேசியிடம் அவர் சொன்னது வேறு. ஹெலன் எழுதிய சிலவற்றைப் பார்த்தால், தாம் கற்பித்த ஆண் பெண் எவரையும்விட நன்றாக எழுத அவரால் முடியும் என்று காட்டியிருக்கிறார் என்றாராம். வாக்கியங்களின் ஓட்டத்தைப் பிடிக்க அவருக்கு அருமையான காது இருக்கிறது என்றும் சொன்னாராம். செவிப்புலன் இல்லாத மாணவியைப் பற்றி ஓர் எழுத்தாசிரியர் சொன்ன சொல் இது.

விமர்சகர்கள் அத்தனை தாராளமாக இல்லை. த நேஷன் இதழின் மதிப்புரை, இவருடைய அறிவெல்லாம் கேள்வியறிவு, உணர்வுகளில் பெரும்பாலானவை பிறருடையவை, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் சோதித்துப் பார்த்தவர்போல எழுதுகிறார் என்று சாடியது. பல ஆண்டுகள் கழித்து 1933இல் தாமஸ் கட்ஸ்ஃபோர்த் என்ற உளவியலாளரும் இதே குற்றச்சாட்டைக் கிளப்பினார். அவரும் பார்வையற்றவர். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பார்வையுள்ளோர் சொற்களைத் திணிப்பதால் அனுபவத்தோடு ஒட்டாத வெற்றுச் சொல்லுலகம் உருவாகிறது என்பது அவர் வாதம், அதற்கு உதாரணம் ஹெலன். கோப்லாண்ட் 1900இல் சொன்னதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

ஹெலனின் பதில் 1908இல் வந்த கட்டுரை நூலில் இருக்கிறது. அவர் வாழும் உலகத்தைப் பற்றிய நூல் அது. கல்லூரிப் பட்டம் வாங்கி அப்போது 4 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆரஞ்சின் மணமும் பம்ப்ளிமாஸ் வகைப் பழத்தின் மணமும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும், ஆகவே ஒரு சிவப்பு இன்னொரு சிவப்பிலிருந்து எப்படி வேறுபடும் என்பதும் எனக்குப் புரியும் என்கிறார். நிறத்தைக் கைவிட அவர் தயாராக இல்லை. ஆனால் இப்போது நிறத்துக்கு மணத்தின் வழியாக வருகிறார். ஒருவர் உடையில் ஒட்டியிருக்கும் மரம், இரும்பு, சாயம், மருந்து வாசனையை வைத்து அவர் தொழிலைச் சொல்லிவிடுவேன் என்கிறார். புயல் வரும் அறிகுறி மற்றவர்களுக்குத் தெரிவதற்குப் பல மணி நேரம் முன்பே தமக்கு மூக்கில் தெரிந்துவிடும் என்கிறார்.

அந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்தது தச்சர்களைப் பற்றிய வாக்கியம். வீட்டில் தச்சு வேலை நடக்கிறது. சாய்வாக ஏறி இறங்கும், பற்கள் கொண்ட ஓர் அதிர்வு வருகிறது. அடிமேல் அடியாக அதிரும் மோதலும் வருகிறது. ரம்பமும் சுத்தியலும் வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்கிறேன் என்கிறார். பற்கள் கொண்ட அதிர்வு! ரம்பத்துக்குப் பல் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அது எழுப்பும் அதிர்வுக்கும் பல் உண்டு என்று எழுத, ரம்பச் சத்தத்தைக் கேட்டே அறியாத ஒருவர் தரையில் கால் ஊன்றி நிற்க வேண்டியிருந்தது. இந்த வாக்கியத்தை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்திருக்க முடியாது. 1900 டிசம்பரில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொன்னது இதைத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். 8 ஆண்டுத் தாமதம். ஒரு பருவப் பாடத்தின் பலனை அந்தப் பருவ இறுதியிலேயே எடைபோட்டுவிட முடியும் என்று நம்புகிற நம் தேர்வு முறைகளுக்கு இது அசௌகரியமான தகவல்.

உன்னைப் பற்றி மட்டும்

கோப்லாண்டின் ஆலோசனைக்கு ஒரு விலையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு பாதிதான். உன் அனுபவத்தை எழுது என்று வகுப்பில் சொன்னது ஒரு வாசலைத் திறந்தது. பதிப்பாளர்களின் வாயில் அதுவே அதைத் தவிர வேறொன்றும் எழுதாதே என்றாகிவிட்டது. 1908 நூலின் முன்னுரையிலேயே ஹெலன் இதை நையாண்டி செய்கிறார். தன்னைப் பற்றி எழுதும் மற்றவர்களுக்கெல்லாம் பேச்சை மாற்றுவதுபோல நடிக்கவாவது அனுமதி உண்டு, இறக்குமதி வரியைப் பற்றியோ, இயற்கை வளங்களைக் காப்பதைப் பற்றியோ, பிரான்சின் டிரைஃபஸ் வழக்கைப் பற்றியோ நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்க ஒருவரும் இல்லை என்கிறார். ராட்கிளிஃபில் பொருளாதாரமும் அரசியலும் படித்தவர் அவர். பேராசிரியர் ஜோசையா ராய்சிடம் தத்துவ வரலாறு கேட்டவர். அதெல்லாம் யாருக்கும் வேண்டாம். பம்படிக் கதைதான் வேண்டும்.

1909இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்து, தொழிலாளர் பிரச்சினை, வறுமை, பெண்கள் வாக்குரிமை என்று எழுதத் தொடங்கியபோது மோதல் வெளிப்படையாகவே வந்தது. புரூக்ளின் நாளிதழ் ஒன்றின் ஆசிரியர், அவருடைய தவறுகள் அவருடைய வளர்ச்சிக்கு உள்ள வெளிப்படையான எல்லைகளிலிருந்தே வருகின்றன என்று தலையங்கம் எழுதினார். புலன் இல்லாதவர் உலக நடப்பைப் பற்றி எழுதலாமா என்ற அதே பழைய கேள்வி, வேறு சட்டையில்.

1912 நவம்பரில் நியூயார்க் கால் என்ற சோஷலிச இதழில் ஹெலன் பதில் எழுதினார். அந்த ஆசிரியரைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் சந்தித்திருக்கிறேன் என்று தொடங்குகிறார். அப்போது அவர் என்னைப் பாராட்டிய பாராட்டை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இன்று சோஷலிசத்துக்கு ஆதரவாக நான் வெளியே வந்ததும், எனக்குக் கண் தெரியாது, காது கேட்காது, தவறு செய்ய வாய்ப்பு அதிகம் என்று எனக்கும் ஊருக்கும் நினைவூட்டுகிறார். அவரைச் சந்தித்த பிறகான இந்த ஆண்டுகளில் என் அறிவு சுருங்கிப்போயிருக்க வேண்டும் என்று எழுதினார்.